பின் சீட்டில் மச்சான்

காடிக்குள் ஏசி முழு வேகத்தில் ஓடியும் சன்னாசிக்குப் பிடரி மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது. பின் சீட்டில், சரியாக அவர் தலைக்குப் பின்னால், இருளப்பன் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். மூக்கால் இழுத்து வாயால் விடுகிற மூச்சு, முடியும்போது ஒரு சின்ன விசில். செத்துப்போன பெண்டாட்டி பாக்கியத்தின் தம்பி, ரயில் தண்டவாள வேலையில் ஒரே கேங்கில் கூட இருந்தவன், முப்பது வருடத்துக்கு மேலாக அவர் ஒரு வார்த்தை பேசாதவன். ஒருவனோடு பேசாமல் இருப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை, அவன் கண்ணெதிரே இல்லாதவரைக்கும். காதோரத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டு வந்தால் பேசாமல் இருப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது, மூட்டை தூக்குவது மாதிரி. காடியை ஓட்டுகிற மகன் குணாளன் ஒன்றும் தெரியாதவன்போல ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். தெரியாதவனா அவன். முந்தாநாள் மத்தியானம் அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்து சமையல்கட்டில் நின்று போனில் பேசியவன்தானே. "ஆமா மாமா. ஈயக் கப்பலப் பாத்துட்டு, சாயங்காலம் உங்க வீட்ல அப்பாவ எறக்கிட்டு நாங்க அப்படியே ஜேபிக்குப் போயிடுவோம். அவருகிட்ட கடைசியில சொல்லிக்கலாம். இப்ப சொன்னா காடியிலயே ஏற மாட்டாரு." சன்னாசி பாயில் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். கேட்டும் இன்று காலையில் காடியில் ஏறினார். ஏன் ஏறினோம் என்று தைப்பிங்கிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறார், இன்னும் பிடிபடவில்லை. இப்போது மணி ஐந்தாகப்போகிறது. தஞ்சோங் துவாலாங்கில் ஈயம் தோண்டுகிற பழைய கப்பலைப் பார்த்தாயிற்று. பத்து காஜாவில் இருளப்பன் வீடு. இடையில் இருப்பது இந்த ரோடு ஒன்றுதான்.

குணாவுக்குப் பழைய ரயில், ஈயம் வெட்டின பழைய லம்பம் என்றால் ஒரு பைத்தியம். தகப்பன் தண்டவாளத்தில் வெயிலில் வெந்தது அவனுக்கு ஒரு நாளும் பெரிதாகத் தெரிந்ததில்லை, ஆனால் துருப்பிடித்த தண்டவாளத்துண்டு ஒன்று புல்லில் கிடந்தால் மண்டிபோட்டுப் படம் எடுப்பான். ஜேபி என்கிற ஜொகூருக்கு வீடு மாற்றிப் போகுமுன் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று இந்தப் பயணம். காலையில் கோலா செபெத்தாங்கில் இந்த நாட்டின் முதல் ரயில் பாதை முடிந்த இடத்தைக் காட்டினான். பாதையும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை, ஒரு பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவில் நின்றது. அதில் தமிழும் இருந்தது. சன்னாசி எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் மருமகள் சுபா அவரைப் பலகைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துவிட்டாள். பிறகு தைப்பிங் பழைய ஸ்டேஷன். பிறகு, போகிற வழிதானே என்று பத்து காஜாவில் ஒரு வீட்டின் முன்னால் காடியை நிறுத்தி, "மாமாவையும் ஏத்திக்குவோம்பா, பாவம் தனியா இருக்காரு" என்றான். பாவமாம். ஏறினவன் வெள்ளைச் சட்டை, சென்ட் வாசம், கையில் ஒரு பொட்டலம் கச்சான் கடலை. "சுபாம்மா, பசியாறியாச்சா?" என்று ஆரம்பித்தவன்தான், வாய் மூடவில்லை. ஈயக் கப்பலில் ஏறி அந்த வாளி வரிசையைப் பார்த்து, "இந்த வாளி ஒண்ணு போதும் சுபாம்மா, கல்யாணத்துக்குச் சாம்பார் ஊத்த" என்றான். அந்தப் பெண் சிரித்தாள். சிரிக்கட்டும். குளத்து நடுவில் ஒரு தகர மலைபோல நிற்கிற கப்பல், தன் வாயாலேயே தான் மிதக்கிற குளத்தைத் தோண்டிக்கொண்டு போகுமாம், முன்னால் தோண்டிப் பின்னால் துப்புமாம். குணா விளக்கிக்கொண்டிருந்தான். சன்னாசிக்கு அது மட்டும் பிடித்திருந்தது. முன்னால் தோண்டுவது, பின்னால் துப்புவது, எங்கேயும் கரை ஏறாமல். அங்கே கக்கூசுக்குப் போயிருக்க வேண்டும். இருளப்பன் அந்தப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, அவனோடு ஒரே சுவரைப் பார்த்து நிற்பதா என்று போகாமல் வந்துவிட்டார். அதுவேறு இப்போது அடிவயிற்றில் கல்லாகக் கனக்கிறது. காடி ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்கும்போது தொடையை இறுக்கிக்கொண்டார்.

"கச்சான் சாப்பிடுறீங்களா மாமா?" என்று சுபா முன்னால் கையை நீட்டினாள். அது அவன் பொட்டலம். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அப்பாவுக்குப் பல்லு" என்றான் குணா. பல்லுக்கு என்ன கேடு. எழுபத்தாறு வயதில் முன் பல் எல்லாம் இருக்கிறது. இல்லாதது கால்தான், இடது காலின் முன்பாதி. அதை யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே எல்லோரும் சுற்றிக்கொண்டு போவார்கள். ஒரு காலத்தில் கம்பாருக்கும் ஈப்போவுக்கும் நடுவில் தண்டவாளத்தின் மேல் சன்னாசிபோல ஓடுகிறவன் கிடையாது. இன்ஸ்பெக்டர் டிராலியில் குடைபிடித்து உட்கார்ந்திருப்பார். பலகை, நாலு சக்கரம், ஒரு பெஞ்சு, அவ்வளவுதான் டிராலி. பின்னாலிருந்து இரண்டு பேர் வெறுங்காலோடு ஆளுக்கொரு தண்டவாளத்தின் மேல் ஓடித் தள்ள வேண்டும். வேகம் பிடித்ததும் ஏறித் தொத்திக்கொள்ள வேண்டும், வேகம் செத்ததும் மறுபடி குதித்து ஓட வேண்டும். உள்ளங்கை அகலம்கூட இல்லாத இரும்பு. காலையில் அது மீன் மாதிரி குளிர்ச்சியாக இருக்கும், பதினோரு மணிக்குத் தோசைக்கல்லாகிவிடும். கீழே பார்த்தால் விழுந்துவிடுவோம். தூரத்தில் இரண்டு தண்டவாளமும் ஒன்றாகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். கால் தானாகத் தெரிந்துகொள்ளும். அந்தத் தெரிந்துகொள்ளுதல், கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும் இரும்பின் ஓரத்தை ஒரு குருவி கிளையைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பது, அது இன்னும் இருக்கிறது. விரல்கள்தான் இல்லை. சில நாள் விடியற்காலையில் இல்லாத கட்டைவிரல் இரும்பைத் தேடும். அந்த நாளில் பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடுகிறவன் இருளப்பன், இதே மூச்சு, இதே விசில். அப்போது அந்த விசிலை வைத்துத்தான் அவர் அடி எடுத்து வைப்பார். அவன் இழுக்கும்போது இவர் வலது கால், அவன் விடும்போது இவர் இடது கால். இப்போதும் பாருங்கள், அந்தச் சனியன் பிடித்த மூச்சுக்கு அவருடைய தொடை தானாக இறுகித் தளர்கிறது. சன்னாசி முழங்காலை அழுத்திப் பிடித்தார்.

வளைவு வந்தால் ஒரு சட்டம் உண்டு. எதிரே வருவது தெரியாத வளைவாக இருந்தால் டிராலி நிற்கும். ஒருத்தன் சிவப்புக்கொடியும் வேட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துபோவான். வேட்டு என்றால் தண்டவாளத்தில் மாட்டி வைக்கிற வில்லை, ரயில் சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் அடித்துப் பிடித்து பிரேக் போடுவான். கொடிக்காரன் வளைவு தாண்டி நின்றுகொண்டு டிராலி கடந்துபோகும்வரை அங்கேயே நிற்க வேண்டும். ரயில் வந்தால் கொடியைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், வேட்டு மாட்ட வேண்டும். கொடிக்காரனுக்கு வேலையே நிற்பதுதான். அன்றைக்குச் செம்மண் மேட்டை வெட்டிப் போட்ட அந்த வளைவில் கொடிக்காரன் இருளப்பன். குணா அப்போது தவழ்கிற குழந்தை. டிராலி வளைவுக்குள் நுழைந்துவிட்டது. சன்னாசி தள்ளிக்கொண்டு ஓடுகிறார். அட்டவணையில் இல்லாத ஒரு சரக்கு வண்டி, கல் ஏற்றிக்கொண்டு எதிரே வருகிறது. கொடியைக் காணோம், வேட்டுச் சத்தம் இல்லை. மேட்டைச் சுற்றிக்கொண்டு இருளப்பன்தான் ஓடி வருகிறான், கொடியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் கத்திக்கொண்டு, "மச்சான்! மச்சான்! எறங்குங்க மச்சான்!" இன்ஸ்பெக்டர் குதித்துவிட்டார். சன்னாசியும் கூடத் தள்ளினவனும் டிராலியைத் தூக்கிப் பக்கத்தில் தள்ளினார்கள். சன்னாசி தூக்கின பக்கம் பள்ளம். சறுக்கினார். டிராலி அச்சு வந்து காலில் உட்கார்ந்தது, அந்த அச்சை வந்த ரயில் தட்டிவிட்டுப் போனது. கால் போனது தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், இவன் ஏன் இங்கே நிற்கிறான், இவன் அங்கே அல்லவா நிற்க வேண்டும் என்று. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தபோதும் அதைத்தான் கேட்டாராம்.

"ஒங்களுக்காகத்தானே ஓடி வந்தான்." இதுதான் பாக்கியம் சொன்னது. முதல் நாள் சொன்னாள், சாகிறவரைக்கும் சொன்னாள். கஞ்சி ஊட்டும்போது சொன்னாள், கால் கட்டை அவிழ்க்கும்போது சொன்னாள், அவருக்கு லேசான வேலை என்று லெவல் கிராசிங் கேட்டில் உட்காரவைத்தபோது சொன்னாள். "நீங்க இருந்தீங்க, அதான் ஓடி வந்தான். வேற எவனாவது கொடி புடிச்சிருந்தா ஒங்க பொணம்தான் வந்திருக்கும்." இல்லை, வேறு எவனாவது கொடி பிடித்திருந்தால் அவன் நின்றிருப்பான், ரயிலும் நின்றிருக்கும். "சரக்கு வண்டி நின்னிருக்காதுங்க." நின்றிருக்கும். நின்றிருக்குமா? கல் வண்டி, இறக்கம் வேறு. வேட்டு வெடித்து, டிரைவர் பிரேக் போட்டு, நின்றிருக்கும். இல்லை, நிற்காமல் வந்து எல்லோரையும் அரைத்துக்கொண்டு போயிருக்கும். இந்தக் கணக்கை அவர் கேட்டில் உட்கார்ந்துகொண்டு வருகிற ரயில்களையெல்லாம் வைத்துப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் நிற்கும், மறுநாள் நிற்காது. அது அவருக்கு உறுத்தவில்லை. உறுத்தியது வேறு. அவன் அன்பினால் ஓடி வந்தான் என்றால் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். கால் போனவன் போக்கினவனைக் கும்பிட வேண்டும். அவனோ ஓடுகிற காலை வைத்துக்கொண்டு பிறகு அதே கேங்குக்கு மண்டோர் ஆனான், கோட்டு மாட்டிக்கொண்டு கூலிகளை ஏவினான், பாக்கியம் தீபாவளிக்குத் தம்பி வீட்டுக்குப் போய் முறுக்குச் சுற்றிக்கொடுத்துவிட்டு வந்து, "தம்பி ஒங்களக் கேட்டுச்சு" என்றாள். கேட்கிறானாம். கேட்டு என்ன செய்ய. அவர் கேட்டில் உட்கார்ந்து கொடி பிடித்தார், பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு, நகராமல், ஒரு நாள்கூட இடத்தைவிட்டு நகராமல், ஊரே பார்க்கட்டும் கொடிக்காரன் எப்படி நிற்க வேண்டும் என்று. பாக்கியம் செத்தபோது பிறந்த வீட்டுக் கோடித்துணி எடுத்துக்கொண்டு அவன் வந்தான். போர்த்தினான். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். குடி என்று இவரும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோதுகூட அந்த வாய் "ஒங்களுக்காகத்தானே" என்று முடிக்காமல் நின்றதுபோல இருந்தது.

இப்போது இவன் வீட்டில் போய் இருக்க வேண்டும். இவன் தட்டில் சோறு. இவன் துண்டு காய்கிற கயிற்றில் தன் கைலி. அக்கம்பக்கத்துக்காரர்கள் வருவார்கள், "பரவால்லையே, அக்கா புருஷன வச்சுப் பாக்கறீங்களே" என்பார்கள், இவன் சிரிப்பான். மறுபடியும் ஓடி வந்துவிட்டான். காலம் போன காலத்தில் மச்சான் என்று கத்திக்கொண்டு மறுபடி ஓடி வந்துவிட்டான். இன்னொரு முறை நன்றி. முடியாது. காடியைவிட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லலாம். கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் உட்கார்ந்து எங்கே போவது? ஜொகூரில் குணா பிடித்திருப்பது பதினான்காவது மாடியில் ஒரே அறை. புருஷனும் பெண்டாட்டியும் விடிவதற்கு முன்னால் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபிறகு வருவார்கள். லிப்டில் ஏறினால் சன்னாசிக்கு வயிறு புரளும். அது தெரிந்துதான் அவனும் யோசித்திருப்பான். ஈப்போவில் வயசானவர்கள் இல்லம் ஒன்று இருக்கிறது, சுபா ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னாள், அன்றைக்கு முழுக்க அவர் சோறு தின்னவில்லை, அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. சன்னாசி ஓரக்கண்ணால் மகனைப் பார்த்தார். தாளம் நின்றிருந்தது. தொண்டையைச் செருமினான். "அப்பா" என்றான். வந்துவிட்டது, சொல்லப்போகிறான். "ஏசி ரொம்பக் குளிருதா?" என்றான் குணா. "இல்ல." "கொறைக்கட்டா?" "வேணாம்." பின்னால் சுபா பெருமூச்சு விட்டாள். விசில் மூச்சு ஒரு நொடி நின்று பிறகு தொடர்ந்தது. காடிக்குள் நாலு பேருக்கும் தெரியும், நாலு பேரும் வெளியே செம்பனைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

குணா திடீரென்று இடதுபக்கம் ஒரு மண்ரோட்டில் திருப்பினான். "ஒரே ஒரு எடம்பா. அஞ்சு நிமிசம். பழைய லைனு, எரட்டைப் பாதை போட்டதுக்கு அப்பறம் வுட்டுட்டாங்க. மேட்ட வெட்டுன எடம், நல்லா இருக்கும்லா." சன்னாசிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. ஈயம் தோண்டிவிட்டுப்போன குட்டை ஒன்று வலதுபக்கம் பச்சையாகக் கிடந்தது. அதற்கப்பால் செம்மண் மேடு. மரம் முளைத்துவிட்டது, ஆனால் மேடு முதுகை மாற்றிக்கொள்வதில்லை.  பின்னாலிருந்து மூச்சுச் சத்தமே வரவில்லை. குணாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கு ரயிலில் அடிபட்டது தெரியும், மாமாவோடு மனஸ்தாபம் தெரியும், எந்த வளைவு என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. காடியை நிறுத்தி இறங்கிப்போய்க் கேமராவை மாட்டிக்கொண்டு உற்சாகமாகக் கத்தினான். "மாமா, இந்த லைன் ஏன் இப்படி வளையுது தெரியுமா? நேராப் போயிருக்கணும். லம்பக்காரன் நெலத்த வுட மாட்டேன்னுட்டான், அடியில ஈயம். அதனால ரயிலு சுத்திக்கிட்டுப் போச்சு." அப்படியா என்று சன்னாசி காடிக்குள் உட்கார்ந்தபடியே நினைத்தார். பல வருடம் ஓடிய வளைவு, எதனால் வளைந்தது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. எவனோ ஒருவன் தரமாட்டேன் என்று சொன்னான். ஈயம் வேண்டும் என்று சொன்னான். அது இல்லையென்றால் பாதை நேர், நேர்ப்பாதையில் கொடிக்காரன் எதற்கு. அந்த லம்பக்காரன் செத்து எத்தனை காலம் இருக்கும். அவனைப் போய் யார் பிடித்துக் கேட்பது. கோபம் ஒரு கணம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தது, ஆளில்லை என்று திரும்பி வந்துவிட்டது. "அப்பா, எறங்குங்க, மாமாகூட ஒரு படம்." சன்னாசி அசையவில்லை. "கால் வலி" என்றார். சுபா கதவைத் திறந்து கையைப் பிடித்தாள். "ஒரே ஒரு படம் மாமா." அந்தப் பெண்ணின் கை குளிர்ந்திருந்தது. இறங்கினார்.

தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சரளைக்கல் மட்டும் புல்லுக்கடியில் கிடந்தது. முன்னமே இறங்கியிருந்த இருளப்பன் படத்துக்கு நிற்கவில்லை. அவன் பாட்டுக்கு வளைவுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பழைய மண்டோர் நடை.  எங்கே போகிறான்? மேட்டைத் தாண்டிப் போகிறான். அங்கேதான். அன்றைக்கு நிற்க வேண்டிய இடத்துக்குத்தான் போகிறான். போய் நின்று, திரும்பிப் பார்த்து, என்னைப் பார்த்து, என்ன செய்யப்போகிறான், கண்ணீர் விடப்போகிறானா, கையைக் கூப்பப்போகிறானா, மகன் முன்னால், மருமகள் முன்னால், படம் வேறு எடுப்பார்கள். அப்படிச் செய்தால் நான் என்ன செய்வது. அப்படிச் செய்தால் இனி ஒன்றும் சொல்ல முடியாது, வாயை அடைத்துவிடுவான். சன்னாசி தன்னை அறியாமல் பின்னாலேயே விந்தி விந்திப் போனார், எப்படியாவது அதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும் என்பதுபோல. மேட்டின் நிழல். ஈரமண் வாசம். இந்தப் பள்ளம்தான். இதே பள்ளமா? கொஞ்சம் தள்ளியா? இருளப்பன் நின்றான். சரியாக அந்த இடத்தில், மேடு முடிந்து பாதை திறக்கிற இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தலை குனிந்தான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு அந்தச் சத்தம் கேட்டது. சன்னாசிக்கு முதலில் நம்ப முடியவில்லை. நின்று நின்று, விட்டுவிட்டு, சர்க்கரை வியாதிக்காரன் பெய்கிற மூத்திரம், காய்ந்த இலைமேல். சன்னாசிக்கு உச்சந்தலை வெடித்துவிடும்போல இருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக ராத்திரி பகலாக அவர் போய்ப் போய் நின்ற இடம். கனவில்கூடக் காலை ஊன்றத் தயங்குகிற இடம். ஒரு கல்லைப் பொறுக்கி எறியலாமா என்று பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் அவர் அடிவயிற்றைப் பிடித்துத் திருகியது. இனி ஒரு கணமும் தாங்காது. எங்கேயும் ஓட முடியாது. மகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவனிடமிருந்து நாலடி தள்ளி நின்று கைலியைத் தூக்கினார். உயிரே போய்த் திரும்பி வருகிற மாதிரி இருந்தது. இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அந்தப் பக்கம் எறும்புப் புத்து இருக்கு மச்சான்" என்றான் இருளப்பன், திரும்பாமலே. சன்னாசி கொஞ்சம் நகர்ந்து நின்றார்.

காடி மறுபடி தார்ரோட்டுக்கு ஏறியது. படம் எடுக்காமலே கிளம்பிவிட்டார்கள். குணாவுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். சன்னாசிக்கு உடம்பு காலியாக, லேசாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. கனத்தோடு இருந்தவரை கனத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார முடிந்தது. அவன் தெரிந்தேதான் அங்கே நின்றானா? இடம் தெரியாமல் போயிருக்குமா? தெரியாமல் போகாது, கேங்கில் இருந்தவனுக்கு ஒவ்வொரு கட்டையும் தெரியும். தெரிந்து, அங்கே நின்று, எறும்புப் புத்து இருக்கிறது என்கிறான். மன்னிப்பும் கேட்கவில்லை, நடிக்கவும் இல்லை, அவனுக்கு மூத்திரம் முட்டியது, பெய்தான். மனிதன் அவ்வளவுதானா. பாக்கியம் சொன்ன ஆள் அவன் இல்லையா. பாக்கியம் சொன்ன ஆள் எப்போதும் ஓடி வந்துகொண்டேயிருப்பவன், முகமெல்லாம் பாசமாக, நிறுத்தவே முடியாதவன். அப்படி ஒரு ஆளோடு ஒரு வீட்டில் எப்படி இருப்பது என்றுதான் குலை நடுங்கியது. பத்து காஜா ஊர் வந்தது. சிவப்பு விளக்கு. பெட்ரோல் ஸ்டேஷன். பள்ளிவாசல். காடி தெருவுக்குள் திரும்பியபோது சன்னாசியின் கை கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இறங்கமாட்டேன் என்று சொல்லவா, சொல்லிவிட்டு எங்கே போவது, இறங்கமாட்டேன் என்று சொல்லவா. காடி நின்றது. இருளப்பன் இறங்கிப் போய்க் கேட்டின் பூட்டைத் துழாவினான். குணா இன்ஜினை நிறுத்தவில்லை. "அப்பா" என்றான். அதற்குமேல் வரவில்லை. சுபா குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், போன் திரை கருப்பாக இருந்தது. சன்னாசி மகனின் கழுத்தைப் பார்த்தார். வேர்த்திருந்தது. இந்தக் குளிரில் வேர்த்திருந்தது. இவன் சொல்லமாட்டான். சொல்லமுடியாமல் இப்படியே ஈப்போவுக்கு, ஜொகூருக்கு, எங்கேயாவது ஓட்டிக்கொண்டே போவான். சின்ன வயதில் பரீட்சையில் தவறினபோதும் இப்படித்தான், வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல். "பின்னால என் சாமான் இருக்கும். எடு" என்றார் சன்னாசி. குணா திரும்பிப் பார்த்தான். உதடு கோணியது. "அப்பா, ஒங்களுக்கு…" "எடுடா."

அவரே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். இருளப்பன் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வா என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சன்னாசி அங்கேயே நின்றிருப்பார். அவருக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது, அது தெரியாமல் அந்தக் கேட்டைத் தாண்டினால் பிறகு எந்தக் காலத்திலும் வெளியே வர முடியாது. கூப்பிட வாய் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ காலமாயிற்று. "இந்தா" என்றார். தன் குரல் தனக்கே யாருடையதோபோலக் கேட்டது. "என்னை இங்க வச்சுக்கிறேன்னு சொன்னது நீயா? இல்ல அவனா கேட்டான்?" இருளப்பன் காடிப்பக்கம் பார்த்தான். குணா பையை இறக்கிக்கொண்டிருந்தான். "அவன்தான் கேட்டான்." "நீ என்ன சொன்ன?" இருளப்பன் சட்டைக் காலரைச் சொறிந்தான். "முடியாதுன்னேன்." "ஏன்?" "ஏன்னா? காலையில எந்திரிச்சு ஒங்க மூஞ்சியில யாரு முழிக்கறது? நானே மருந்த முழுங்கிட்டு ஒரு மூலையில கெடக்கறேன். ஒங்க கோவத்தையும் வச்சுச் சோறு போட ஏங்கிட்டத் தெம்பு இல்ல. முடியவே முடியாதுன்னேன்." "அப்பறம்?" "அவன் போன்லயே அழுதுட்டான். பேசவே முடியல, தேம்பித் தேம்பி. கேக்கச் சகிக்கல மச்சான். சரி, கொண்டாந்து வுட்டுத் தொலைன்னேன்." சன்னாசி அவனை ஏற இறங்கப் பார்த்தார். சென்ட் வாசம் போய்விட்டிருந்தது. பொய் சொல்கிற முகம் இல்லை. எரிச்சலான, தூக்கம் கெட்டுவிட்ட, வேண்டாத விருந்தாளியைப் பார்க்கிற ஒரு கிழவனின் முகம். சன்னாசிக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இறங்கி உட்கார்ந்தது, பாரம் ஏற்றின வண்டி நிறுத்தத்துக்கு வந்த மாதிரி. இந்த முறை யாரும் அவருக்காக ஓடி வரவில்லை. "எனக்கு எந்த ரூம்?" என்றார். "முன்னால இருக்கறது. பேன் சத்தம் போடும்." "போடட்டும்." சப்பாத்தைக் கழற்றாமல், துடைத்துவைத்திருந்த தரையில் மண் உதிர உதிர, அவர் உள்ளே போனார்.